கூண்டு கட்டிய படகு ஜீப்

காலை ஆறு ஐம்பது. முதலில் தெரிந்தவை ஒரு ஜோடி மாட்டுக் கொம்புகள். அவற்றுக்குப் பின்னால் ஒரு படகு வந்தது. படகுக்கு நான்கு சக்கரங்கள் இருந்தன.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த நேரத்துக்குத் தெரு முழுக்க சைக்கிள்தான் இருக்கும். ஏழு மணிச் சங்குக்கு முன்னால் ஒர்க்‌ஷாப் வாசலுக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று எல்லோரும் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டு போவார்கள். அன்று ஒவ்வொருவராகக் காலை ஊன்றி நின்றார்கள். மாடுகள் எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றன. அவற்றின் நுகத்திலிருந்து ஒரு சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் பச்சை நிறம் உரிந்த இரும்புப் படகு. அதன் உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஜீப்பு."

"அடியில படகு மாதிரி இருக்கே."

"தண்ணியிலயும் போகும்."

"மாடு இழுத்தாத்தானா, இல்ல தானாவா?"

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. அப்பாவும் சட்டையை மாற்றாமல் அப்படியே வேலைக்கு ஓடினார்.

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்து பத்து வருஷம் ஆன பிறகும் பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்கள் ஊரில் உலவிக்கொண்டிருந்தன. பச்சைத் தண்ணீர்ப் புட்டி, கம்பளி, மண்வெட்டி, கொசுவலை. எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த வகையில் கொஞ்சம் பெரியது. ஏதோ ஒரு பட்டாளத்தை ஆறு தாண்டவைப்பதற்காகச் செய்த வண்டி. ஏலத்தில் எடுத்த கான்டிராக்டர் அதை ஒரு புளியமரத்தடியில் போட்டு வைத்திருந்தார். உள்ளே மழைத்தண்ணீர் நின்று தவளை குடியிருந்தது. மண்ணில் ஓட சாதாரண ஜீப் எஞ்சின். தண்ணீரில் ஓட அதே எஞ்சின் பின்பக்கம் ஒரு விசிறியைச் சுழற்றும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்களும் திரும்பும், வாலில் இருந்த சுக்கானும் திரும்பும். அடியில் தண்ணீர் வடிய மூன்று ஓட்டைகள். ஆற்றில் இறங்கும் முன் அவற்றைப் பித்தளை அடைப்பான்களால் திருகி மூட வேண்டும். அந்த வேலை எனக்கு. கை சின்னதாக இருந்ததால் எனக்குத்தான் அது சுலபம்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் சார்ஜ்மேன், ஒரு பிரிவுக்கு மேற்பார்வை. அவர் இதை ஏன் வாங்கினார் என்பதற்கு ஊரில் பல காரணங்கள் சொன்னார்கள். மணல் அள்ள, மீன் பிடிக்க, வெள்ளத்தில் வாடகைக்கு விட. உண்மையான காரணத்தை அவர் ஸ்ரீரங்கத்தில் பெரியப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

பெரியப்பா அப்பாவின் அண்ணன். ஜவுளிக்கடை வைத்திருந்தார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் அவர் சொன்னதுதான் முடிவு.

"இது எதுக்குடா தம்பி உதவும்?"

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஆத்துக்குப் போலாம்ணே."

"போயி?"

"ஆத்துல எறங்கி அந்தாண்ட போலாம்."

"போயி?"

"திரும்பி வரலாம்."

பெரியப்பா வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் மென்றார். "நல்ல எஞ்சின்னு சொல்றாங்க. கெணத்துல தண்ணி எறைக்க வைக்கலாம்னு ஒருத்தர் கேக்குறாரு. யோசி" என்றார். அப்பா யோசிப்பதாகச் சொல்லிவிட்டு வந்து, மறுநாளே கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்.

தை, மாசி இரண்டு மாதமும் வண்டி பாலக்கரையில் பாயின் கொட்டகையில் கிடந்தது. அவர் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பாடி கட்டுபவர். ஊரில் எல்லோருக்கும் அவர் வெறும் பாய்தான். அப்பா ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போவார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் போவேன். கொட்டகையில் வெல்டிங் புகை, டயர் எரிந்த வாசனை, அடுத்த தெருவிலிருந்து வரும் பரோட்டா வாசனை மூன்றும் கலந்திருக்கும். தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடங்களை பாய் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "சார், ஓட்டையை விட்டுட்டு மத்த எடத்துல வட்டம் போட்டிருந்தா சாக்பீஸ் மிச்சமாயிருக்கும்" என்றார்.

ஒட்டுப் போட்டார்கள். மூட்டுகளில் சணல் நூலைத் திணித்து மேலே சிவப்பு ஈயம் பூசினார்கள். பழைய பஸ் ஒன்றின் நீளச் சீட்டை வெட்டிப் பின்னால் வைத்தார்கள். பக்கவாட்டில் லாரி டியூப்கள் கட்ட வளையங்கள் வந்தன. உள்ளே கசியும் தண்ணீரை இறைக்க ஒரு கைப் பம்ப். அதற்கு அத்தை பொறுப்பேற்றாள். அத்தை அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயது. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் பெரியப்பா வீட்டில் இருக்க வேண்டியவள், ஏதாவது காரணம் சொல்லிப் பொன்மலைக்கு வந்துவிடுவாள்.

பங்குனியில் கொள்ளிடம் வறண்டு கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை மணல். நடுவில் இரண்டு மூன்று ஓடைகள் மட்டும் முழங்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய், கரையிலிருந்து மணலில் இறங்குவோம். அப்பா ஓட்டுவார். சாதாரண கார் இரண்டு அடி போவதற்குள் புதைந்துவிடும் மணலில் எங்கள் வண்டி உறுமிக்கொண்டே போகும். மேடு ஏறும்போது அத்தை கத்துவாள். ஓடையில் இறங்கும்போது எல்லோரும் கத்துவோம். எஞ்சின் மூடியின் மேல் புளிச்சோற்றுத் தூக்கை வைத்தால் சாப்பிடும் நேரத்துக்குச் சூடாக இருக்கும். தயிர்ச்சோற்றை அங்கே வைக்கக் கூடாது என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டோம்.

அம்மா முதல் மூன்று வாரமும் அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலாவது வாரம் மணல் நடுவில், "ஏங்க, கொஞ்சம் எறங்குங்க" என்றாள்.

"என்ன, தண்ணி வேணுமா?"

"எறங்குங்க."

அப்பா இறங்கினார். அம்மா புடவையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு அவர் இடத்தில் உட்கார்ந்தாள். கால் கிளட்சுக்கு எட்டவில்லை. நுனிச் சீட்டுக்கு நகர்ந்தாள். வண்டி ஒருமுறை குதித்து நின்றது. மறுபடி குதித்து நின்றது. மூன்றாவது முறை போய்விட்டது. அப்பா பின்னாலேயே, "கியரை மாத்து! கியரை மாத்து!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அம்மா பெரிய வட்டமாகச் சுற்றி அவர் அருகில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எப்படி வந்துது?" என்றார் அப்பா மூச்சு வாங்க.

"நீங்க பண்றதைத்தான் பண்ணினேன். நீங்க தேவையில்லாம பண்றதை விட்டுட்டேன்."

அடுத்த வாரம் அப்பா வேப்பமரக் கட்டைகளை இழைத்து மூன்று பெடல்களிலும் வைத்துத் திருகினார். பாய் அடுத்த முறை வண்டியின் அடியில் படுத்து ஏதோ பார்த்துவிட்டு எழுந்தவர், பெடலையும் அப்பாவின் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், உங்க காலு ஒண்ணும் இவ்ளோ குட்டை இல்லையே."

அப்பா காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நான் ஒண்ணும் கேக்கல சார். கட்டைக்கு மேல ரப்பர் ஒட்டித் தரேன். ஈரக்கால் வழுக்கும்."

மண்ணில் அப்பாவும் ஓட்டினார், அம்மாவும் ஓட்டினாள். தண்ணீரில்தான் வேறுபாடு தெரிந்தது. திருவெள்ளறைக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊர். அங்கே ஏரியில் கோடையிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சித்திரையில் அங்கேதான் முதல்முதலாக வண்டியைத் தண்ணீரில் விட்டோம். மண்ணில் ஸ்டீரிங்கைத் திருப்பியதும் வண்டி திரும்பும். தண்ணீரில் திருப்பினால் முதலில் ஒன்றுமே நடக்காது. இரண்டு மூச்சு விட்டபின்தான் மூக்கு நகர ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் நிற்காது. அப்பாவுக்கு அந்த இரண்டு மூச்சுப் பொறுமை இல்லை. இன்னும் திருப்புவார். வண்டி சுழலும். எதிர்ப்பக்கம் திருப்புவார். மறுபக்கம் சுழலும். கடைசியில் பிரேக்கை மிதிப்பார். ஏரியில் பிரேக் என்ன செய்யும்? கோரைக்குள் போய்ச் செருகிக்கொண்டு நின்றோம். எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் வந்து தள்ளிவிட்டார். இரண்டாவது முறையும் அதே கோரை. அத்தை பம்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்தக் கோரைக்கும் உங்களுக்கும் முன்ஜென்மத்துல ஏதோ இருக்கு" என்றாள்.

அம்மா உட்கார்ந்தாள். கொஞ்சமாகத் திருப்பினாள். காத்திருந்தாள். வண்டி ஏரியின் அக்கரையில் ஒரு அரசமரத்தைப் பார்த்துக்கொண்டு நேராகப் போனது.

அன்று மாலை வீடு திரும்பும்வரை அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். இரவு சாப்பிடும்போது, "நீ திருப்பிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்க?" என்று கேட்டார். அம்மா, "அது வர்ற வரைக்கும்" என்றாள்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து காவிரி நிறைந்தது. பெரியப்பாவிடமிருந்து ஆளும் வந்தது. நாங்கள் ஸ்ரீரங்கம் போனோம். அவர் கடைத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கெணத்துக்காரரு மறுபடி வந்தாரு. நான் என்ன சொல்ல?"

"குடுக்கலைன்னு சொல்லுங்கண்ணே."

"கொள்ளிடத்து மணல்ல ஒரு பொம்பளை ஜீப்பு ஓட்டுறான்னு பால்காரன் சொல்றான். யாருன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். தங்கச்சிக்கு ஆவணியில பொண்ணு பாக்க வராங்க. அவங்க காதுல என்ன விழும்னு நீ நெனைச்சுப் பாத்தியா?"

அப்பா நின்றுகொண்டே இருந்தார். "வண்டியைக் குடுக்க மாட்டேன்" என்றார். அண்ணனிடம் அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. பெரியப்பாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கணக்குப்பிள்ளையை வெளியே போகச் சொன்னார்.

"சரி. ஒண்ணு சொல்றேன். தண்ணியில போகும் போகும்னு ஊரெல்லாம் சொல்லிட்ட. சிரிக்கிறானுங்க. ஆடிப்பெருக்கு அன்னைக்கு அந்தக் கரையிலேருந்து இந்தக் கரைக்கு வா. ஊரு பாக்கட்டும். வந்துட்டா அப்புறம் நான் வாயைத் தொறக்கல. வராட்டி எஞ்சின் கெணத்துக்கு."

"வரேன்."

"பொம்பளைங்களை வச்சுக்கிட்டு வர்றதா இருந்தா கூண்டு கட்டிக்கிட்டு வா. தொறந்த வண்டியில உக்கார வச்சு ஊர்வலம் விடாத."

வெளியே வந்து பாலம் வரைக்கும் நடந்தோம். கணக்கு எளிது. அவர் ஓட்டினால் வண்டி கரை சேராது. அம்மா ஓட்டினால் ஊர் பார்க்கும். ஊர் பார்க்காமல் அம்மா ஓட்ட வேண்டும். பெரியப்பா மரியாதைக்காகச் சொன்ன கூண்டு அப்பாவுக்கு வழியாகத் தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும், "கூண்டு கட்டிடலாம்" என்றார்.

மாட்டுவண்டிக் கூண்டை எல்லோரும் பார்த்திருப்போம். மூங்கில் பிளாச்சுகளை வளைத்து, மேலே கோரைப்பாயைப் பரப்பி, முன்னும் பின்னும் திரை விடுவது. அதேதான். கோரைப்பாய் மேல் தார்ப்பாய் மட்டும் கூடுதல். முன்திரையில் ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கிழிசல். உள்ளிருந்து ஆறு தெரியும். வெளியிலிருந்து உள்ளே யார் என்று தெரியாது. அப்பா அதை முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். மிகவும் திருப்தியாக இருந்தார்.

அம்மா கொட்டகைக்கு வந்தது அன்று ஒருநாள்தான். கூண்டைச் சுற்றி வந்து தார்ப்பாயைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆடி மாசம். காத்து புடிக்கும்" என்றாள்.

"போல்ட்டு போட்டு முடுக்கிடறேன்மா. ஆடாது" என்றார் பாய்.

"போல்ட்டு வேணாங்க. கயித்துல கட்டுங்க."

"கயிறுன்னா ஆடும்மா."

"ஆடட்டும்."

பாய் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார். ஆறு இடத்தில் கயிறு போட்டுக் கட்டினார்கள். தேங்காய் நார்க் கயிறு.

இப்போது எண்ணிப் பார்க்கையில், பெரியவர்கள் எவ்வளவு துணிந்து தவறாகக் கணக்குப் போட்டார்கள் என்று வியப்பாக இருக்கிறது. பெரியப்பாவின் கவலை எல்லாம் உள்ளே இருப்பவரை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது. அப்பாவின் கவலை ஓட்டைகள். தண்ணீர் கீழேயிருந்துதான் வரும் என்று ஆறு மாதம் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து தாழ்வான ஒரு படகின் மேல் ஆள் உயரத்துக்குக் கப்பல்பாய் ஒன்றைக் கட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. கூண்டு வேண்டாம் என்று சொன்னால் வண்டியே வேண்டாம் என்று ஆகிவிடும் என்பதும் தெரிந்திருந்தது.

நேரத்திலும் அதே கதை. விடியற்காலையில் காற்று இருக்காது, அப்போதே கடந்துவிடலாம் என்றாள் அம்மா. பெரியப்பா பஞ்சாங்கம் பார்த்து ராகுகாலம் கழித்துப் பத்தரைக்கு மேல் இறங்கச் சொல்லி அனுப்பியிருந்தார். திருச்சியில் ஆடி மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும், பத்தரை மணிக்கு மேல் மேற்கிலிருந்து காற்று எப்படி வரும் என்று. துணி கொடியில் நிற்காது.

ஆடி பதினெட்டு. தென்கரையில், பஸ் போகிற பாலத்துக்குக் கீழே ஒரு மண்சரிவு. எதிரே வடகரையில் ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபத்துப் படித்துறை முழுக்கத் தலை. மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள், சப்பரம் இழுக்கும் பிள்ளைகள், காதோலை கருகமணி, தேங்காய் உடைகிற சத்தம். படித்துறைக்குச் சற்று மேற்கே துணி துவைக்கும் இடத்தில் ஒரு சரிவு உண்டு. அங்கேதான் கரையேறுவதாகத் திட்டம். ஆறு மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. படித்துறைக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் ரயில்பாலத்தின் தூண்கள். அங்கே தண்ணீர் தூணில் மோதிச் சுழித்துக்கொண்டு போகும்.

வண்டி மூக்கில் சந்தனம், குங்குமம். பாய் வந்து டியூப்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பிஸ்மில்லா சொல்லி இறங்குங்க. நான் பாலத்து மேல ஏறி அந்தப் பக்கம் வந்துடறேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

"அடைப்பான்லாம் திருகினியாடி?" என்றாள் அம்மா.

"மூணும்."

"இன்னொரு தரம் பாரு."

பார்த்தேன். அப்பா தேங்காய் உடைத்தார். அரிவாளைச் சீட்டுக்கு அடியில் போட்டார். நால்வரும் கூண்டுக்குள் ஏறினோம். திரையை இறக்கியதும் இருட்டு. பெட்ரோல் வாசனை, ஈரக் கோரைப்பாய் வாசனை. அம்மா கிழிசலில் கண்ணை வைத்துக்கொண்டாள். வண்டி சரிவில் இறங்கியது. சக்கரம் தரையை விட்டது. அப்பா விசிறியைப் போட்டார்.

ஆற்றின் பாதி வரை நன்றாகவே போனோம். கரையின் மறைவு இருந்தது போலும். பிறகு காற்று வந்தது. யாரோ கூண்டைப் பக்கவாட்டில் இரு கையாலும் தள்ளியது போல இருந்தது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த பக்கத்து விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்து அத்தையின் மடியில் விழுந்தது. அத்தை பம்பை விடவில்லை. "வருது அண்ணி, வருது" என்று சொல்லிக்கொண்டே அடித்தாள்.

அம்மா மூக்கை மேற்கே, காற்றுக்கு எதிராகத் திருப்பினாள். சாய்வு குறைந்தது. ஆனால் இப்போது முன்திரையில் காற்று புகுந்து கூண்டு உப்பியது. எஞ்சின் முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருக்க, வண்டி பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் பின்திரையை விலக்கிப் பார்த்தேன். ரயில்பாலத் தூண்கள் முன்பு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தன.

"பாலம் கிட்ட வருது" என்றேன்.

அம்மா திரும்பவில்லை. "ஏங்க, கயித்தை அறுங்க."

அப்பா அரிவாளை எடுத்தார். அறுக்கவில்லை. "கரையில அண்ணன் நிக்கறாரு" என்றார்.

"நிக்கட்டும்."

"ஊரே நிக்குது. தங்கச்சி கல்யாணம்..."

அத்தை பம்பை அடித்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணம் பண்ணிக்க நான் உசிரோட இருக்கணும்ல அண்ணே. அறுங்க!"

அப்பா அறுத்தார். முதலில் முன்பக்கம் இரண்டு. பிறகு நடுவில் இரண்டு. பின்பக்கத்துக் கயிறுகள் நனைந்து இறுகியிருந்தன. ஒன்றை அவர் அறுப்பதற்குள் மற்றது தானாகத் தெறித்தது. கூண்டு எழுந்தது. ஒரு கணம் எங்கள் தலைக்கு மேல் நின்றது. பிறகு புரண்டு தண்ணீரில் விழுந்து கிழக்கே போனது.

வெளிச்சத்தில் கண் கூசியது. வண்டி உடனே நிமிர்ந்தது. அம்மா தலையிலிருந்து முந்தானை விலகி, முடி அவிழ்ந்து பறந்தது. இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்ததால் அதை அவள் சரிசெய்யவில்லை. மூக்கை மேற்கே கொஞ்சம் சாய்த்துப் பிடித்தபடி, நேராகப் போக முயலாமல், ஆறு இழுக்கும் அளவுக்கு இழுக்க விட்டு வடக்கே நகர்த்திக்கொண்டு போனாள். துவைக்கும் துறை எப்போதோ கடந்துபோயிருந்தது. அதனால் படித்துறைக்கு நேர் முன்னால், முப்பது நாற்பது முழ தூரத்தில், முழுப் படித்துறையும் பார்க்க, மெதுவாகப் பக்கவாட்டில் போனோம்.

படித்துறையில் சத்தம் அடங்கியது. எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு ஒரு குரல்: "டேய், பொம்பளை ஓட்டுதுடா!"

"எந்தப் பொம்பளை?"

"மஞ்சப் பொடவை!"

"பக்கத்துல இருக்கிறவன் என்னடா பண்றான்?"

"அருவா வச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்!"

படியில் இறங்கி நின்றிருந்த ஒரு அம்மாள் கையில் இருந்த பூவை எங்கள் பக்கம் வீசினாள். அது பாதி தூரம்கூட வரவில்லை.

படித்துறை தாண்டியதும் ஒரு மணல் சரிவு. அதற்கப்புறம் ரயில்பாலம்தான். அம்மா ஸ்டீரிங்கைத் திருப்பினாள். வண்டி திரும்பவில்லை. அப்பாவின் கை தானாக ஸ்டீரிங்கை நோக்கிப் போனதைப் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, அந்தக் கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். மூக்கு நகர ஆரம்பித்தது. சக்கரம் மணலைத் தொட்டது. அம்மா கீழ் கியரைப் போட்டாள். தண்ணீரெல்லாம் வழிய வண்டி கரையில் ஏறி நின்றது.

பெரியப்பா குடையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பாய். கூட்டத்தில் சைக்கிளோடு ஒரு பத்திரிகை நிருபரும் இருந்தார். ஆடிப்பெருக்குச் செய்திக்கு வந்தவர்.

பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்துத் தணிந்த குரலில் சொன்னார்: "எல்லாரும் கேக்குறாங்க. தொலைவுல சரியாத் தெரிஞ்சிருக்காது. நீதான் ஓட்டினன்னு சொல்லிடு."

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். குரலைத் தணிக்கவில்லை.

"இல்லண்ணே. நான் கயிறு அறுத்தேன். அவதான் ஓட்டினா."

பெரியப்பா வண்டியைச் சுற்றி வந்தார். சிவப்பு ஈயம் பூசிய மூட்டுகளைக் குடை முனையால் தொட்டார். ஓட்டுகிற பக்கம் வந்து உள்ளே குனிந்து பெடல்களைப் பார்த்தார். அம்மா இன்னும் இறங்கவில்லை. அதுவரை அவர் அம்மாவிடம் நேராகப் பேசியதில்லை. எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவியிடம் எதையும் தம்பி வழியாகத்தான் கேட்பது.

"கால் எட்டுதாம்மா?" என்றார்.

"கட்டை வச்சிருக்கு மாமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தார். நிருபர் அருகில் வந்தார். பெரியப்பா அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்துப் பத்திரிகையின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வந்தது. பொன்மலை ரயில்வே ஊழியர் ஒருவர் தரையிலும் தண்ணீரிலும் ஓடும் வண்டியில் குடும்பத்தாருடன் காவிரியைக் கடந்தார் என்றும், அவரே வண்டியை லாகவமாகச் செலுத்தினார் என்றும் இருந்தது. அப்பா அரைநாள் லீவு போட்டுவிட்டு, வேட்டி மாற்றிக்கொண்டு, பத்திரிகை ஆபீசுக்குப் போய்த் தவறைச் சொன்னார். குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரம் அம்மா, "போதும் விடுங்க, அடைப்பான்ல வாஷர் தேஞ்சு போச்சு, அதைப் பாருங்க" என்றாள். திருத்தம் வரவில்லை.

ஆவணியில் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. காரணம் சொல்லி அனுப்பவும் இல்லை. அத்தைக்கு அடுத்த வைகாசியில் வேறு இடத்தில் திருமணம் நடந்தது.

பெரியப்பா கிணற்றுக்காரருக்கு வேறு எஞ்சின் பார்த்துக் கொடுத்தார். வண்டி எங்களிடம் மேலும் எட்டு வருஷம் இருந்தது. அதற்குப் பிறகு அப்பா அதைத் தண்ணீரில் ஒருமுறைகூட ஓட்டவில்லை.